மூன்றாம் வரிசைச் சிரிப்பு

வருடக்கணக்காகத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் வில்ஃப் ஆக்டனுக்கு நான்தான் பெண்டாட்டி. அவன் பஸ் கண்டக்டர், நான் வாயாடி. அசல் பெண்டாட்டி ஹில்டா, ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் எங்கள் மான்செஸ்டர் ஸ்டுடியோவுக்கு வந்து, பார்வையாளர்களோடு மூன்றாம் வரிசை ஓரத்தில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள்.

லேசில் சிரிக்கமாட்டாள். மோர்க்கம் கடற்கரைக் கொட்டகையில் வில்ஃப் கோமாளியாக ஆடிய காலத்திலிருந்தே அவன் ஜோக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் உண்மையிலேயே ஒன்று நன்றாக விழுந்துவிட்டால், முதலில் விக்கல் மாதிரி ஒரு சத்தம், பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு கீச்சு. ஸ்டுடியோவே திரும்பிப் பார்க்கும். அதற்காகவே வில்ஃப் வசனத்தைக் கொஞ்சம் நிறுத்துவான். அந்த நிறுத்தத்தைத்தான் பத்திரிகைகள் மேதைமை என்று எழுதின.

ஹில்டா மாரடைப்பில் போன பிறகும் நிறுத்தினான். ஓரத்து நாற்காலியைப் பார்த்தபடி நிற்பான். வசனம் மறந்துவிட்டது என்று ஜனங்கள் நெளிவார்கள்.

"இந்த ஆளு இப்படியே நின்னா, வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார் தயாரிப்பாளர் என்னிடம். இந்த வேலையும் போனால் வில்ஃப் உயிரோடு இருக்கமாட்டான் என்று நான் பயந்தேன்.

மந்தமான இடங்களில் பழைய சிரிப்பை ஒட்டுவது எங்கள் தொழிலில் சகஜம். புதிதாக வந்திருந்த ஒலிப்பதிவாளர் ட்ரெவர், வில்ஃபைக் காப்பாற்றுவதாக நினைத்து, அந்த நிறுத்தத்தில் பழைய டேப்பிலிருந்து ஒரு சிரிப்பைப் போட்டார்.

ஒளிபரப்பான மறுநாள் வில்ஃப் வெளிறிப்போய் ட்ரெவரிடம் வந்தான்.

"மாமியார் ஜோக்குக்கு ஒரு சிரிப்பு போட்டியே, அது யாருது தெரியுமா?"

"யாரோ ஒரு அம்மா. நல்லா இருந்துச்சேன்னு..."

"என் பொண்டாட்டி."

ட்ரெவர் எழுந்து நின்றுவிட்டார். "மன்னிச்சிருங்க வில்ஃப். அந்த டேப்ப இப்பவே எடுத்துடறேன்."

"எடுக்கச் சொல்லல. அந்த ஜோக்குக்கு அவ சிரிச்சிருக்கவே மாட்டா. செத்தவளப் புடிச்சு இளிக்க வெச்சிருக்கியேடா."

அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் படப்பிடிப்பு முடிந்ததும், அவள் சிரிப்பைப் போடலாமா என்று ட்ரெவர் கேட்பார். வில்ஃப் வேண்டாமென்று தலையாட்டுவான். "இன்னிக்கும் தேறல." நாற்காலியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். வேலை தப்பியது. ஜனங்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் ஒரு பிணத்தோடு நடிப்பது போல இருந்தது.

தொடரின் கடைசி வாரம், வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் காட்சியில் என் கோட்டுப் பொத்தான் சிக்கிக்கொண்டது. நான் இழுத்துக்கொண்டு நிற்க, வில்ஃப் வசனத்தில் இல்லாததைச் சொன்னான்.

"கழட்டாத கண்ணு. அப்படியே உக்காரு. எப்படியும் கெளம்பத்தானே போற."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவன் மெல்லத் திரும்பி மூன்றாம் வரிசை ஓரத்தைப் பார்த்து, காத்திருந்தான்.

முடிந்ததும் ட்ரெவரிடம் போனான். "இதுக்குப் போடு."

வில்ஃபும் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் காட்சியை இன்னமும் மறுஒளிபரப்பு செய்கிறார்கள். முதலில் விக்கல், பிறகு கீச்சு. அதைக் கேட்டவன் மாதிரியே வில்ஃபின் முகம் மலர்கிறது. பக்கத்தில் நான் கோட்டும் கையுமாக, யாரோ வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவளைப் போல நிற்கிறேன். எனக்கு இன்றைக்கும் அவள்மேல் பொறாமைதான்.