ஐம்பதாவது படத்துக்கு மார்க்

என் அண்ணன் எந்தப் படத்துக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடிய படத்துக்கும் ஏழரைதான். "ஏழரைன்னா சனின்னு சொல்லுவாங்க, எட்டாப் போட்டுரேன்" என்று கெஞ்சிப் பார்ப்பேன். அசைய மாட்டான்.

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் அவனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்திலிருந்து வரும் உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அளவு பார்க்கும் கேஜில் நுழைத்துப் பார்ப்பான். நுழைந்தால் ஓகே. நுழையாவிட்டால் ரிஜெக்ட். தேய்த்துச் சரிபண்ணலாம் என்றால் ரீவொர்க். நாளெல்லாம் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் தியேட்டரில் உட்கார்ந்தால் வேறு எப்படி இருப்பான்? பத்திலிருந்து தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவான். அவன் தங்கையான நான் அப்போது டிகிரி இரண்டாம் வருஷம். பூஜ்யத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போவேன். ஒரே படத்துக்கு அவன் நாலு போட, நான் ஒன்பது போட, "ரெண்டு பேரும் ஒரே தியேட்டருக்குத்தான் போனீங்களா?" என்பாள் அம்மா.

சண்டை முற்றித்தான் அந்த நோட்டு பிறந்தது. ஒரு படத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நாலு கட்டம். முதல் கட்டம் அவன் கழித்து வந்தது. இரண்டாவது நான் கூட்டி வந்தது. மூன்றாவது, அலுப்புக் கட்டம். படம் அலுத்துவிட்டால் அவன் வாட்சைப் பார்ப்பான். வாட்ச் இல்லாத நான் வெளிவாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். ஒரு தடவைக்கு அரை மார்க் போச்சு. தன்னைத் தானே எண்ணினால் ஏமாற்றுவோம் என்று, அவன் மணிக்கட்டை நானும் என் கழுத்தை அவனும் எண்ணினோம். அதில் அவன் கறார். இருட்டில்கூட ஒரு திருப்பத்தை விட மாட்டான்.

நாலாவது கட்டம்தான் என் யோசனை, எனக்குப் பெருமையும் அதில்தான். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது படத்தில் ஏதாவது ஒரு காட்சி தானாக மனதில் வந்து நின்றால் இரண்டு மார்க். நாமாக இழுத்து வரக்கூடாது. காலையில் கூடத்திலிருந்து அண்ணன் கத்துவான்: "என்ன சீன் வந்துச்சு?" வாயில் நுரையோடு பதில் சொல்வேன். பொய் சொல்லக்கூடாது என்பது மட்டும் நோட்டின் அட்டையிலேயே எழுதியிருந்தது.

எழுதியிருந்தது என்றால் தமிழில்தான், ஆனால் கன்னட எழுத்தில். அப்பாவுக்கு மாநில அரசு வேலை. தொம்மலூரில் எங்கள் வீடு இருந்த தெருவுக்கு அடுத்ததுதான் நாங்கள் படித்த கன்னடப் பள்ளி. தமிழ் எங்களுக்கு வாயிலும் காதிலும் இருந்ததே தவிரக் கையில் இல்லை. கடைக்குப் போகும் சீட்டைக்கூட அம்மா சொல்லச் சொல்லத் தமிழில் கேட்டுக் கன்னடத்தில் எழுதுவோம். அங்கே பழைய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அப்படித்தான். அதில் விசேஷம் எதுவும் இருப்பதாக எனக்கு அன்று தோன்றியதே இல்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷக் கடைசியில் ஆற்றுத் தண்ணீர்ப் பேச்சு சூடாகியது. முதலில் சுவரொட்டிகள் மாறின. ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பார்த்தபோது, தமிழ்ப் படச் சுவரொட்டிகளில் முகங்கள் அப்படியே இருக்க, எழுத்தின் மேல் மட்டும் தார் பூசியிருந்தது. யாரோ பொறுமையாக, கோடு பிசகாமல் பூசியிருந்தார்கள். அந்தப் பொறுமைதான் என்னைப் பயமுறுத்தியது. பிறகு அண்ணனின் கம்பெனியில் டீ நேரத்து அரட்டை நின்றுபோயிற்று. தினமும் எங்களுக்குக் கறிவேப்பிலை பறித்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா ஒரு காலை உள்ளே வந்து, எங்கள் சுவரிலிருந்த தமிழ்த் தேதிக் காலண்டரைத் தானே கழற்றிச் சுருட்டி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா அப்போது வேலையாக வேறு மாவட்டத்தில் இருந்தார். "தெருவுல தமிழ் பேசாதீங்க" என்று அம்மா சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் தணிந்திருந்தது.

இத்தனைக்குப் பிறகும் படத்துக்குப் போனோம் என்றால் அதற்குக் காரணம் நான். நோட்டில் நாற்பத்தொன்பது படம் ஆகியிருந்தது. ஐம்பதாவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். அல்சூர்ப் பக்கத் தியேட்டரில் ஓடிய தமிழ்ப் படத்தை மறுநாள் எடுத்துவிடப் போவதாகக் கேள்வி. அண்ணனுக்கு அன்று வார விடுமுறை.

"ஊரு சரியில்ல. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றான்.

"அடுத்த வாரம் படமே இருக்காதுண்ணா. மேட்னிதானே? வெளிச்சம் இருக்கும்போதே வந்துரலாம்."

கிளம்பும்போது நோட்டை எடுத்துப் பையில் வைத்தேன். இடைவேளையில் முதல் இரண்டு கட்டத்தையும் பாதி நிரப்புவது எங்கள் வழக்கம்.

"அது வேணாம்" என்றான்.

"கன்னட எழுத்துதானே, யாரு என்ன கேக்கப்போறாங்க?"

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த எழுத்து எங்களைக் காக்கும் என்று இருவருமே நம்பினோம்.

தியேட்டரில் பாதிக்கும் மேல் காலி. இருந்தவர்களும் விசில் அடிக்கவில்லை. இடைவேளையில் அண்ணன் ஆறில் நின்றான், நான் ஐந்தில். படம் மறுபடி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரை வெளுத்தது; விளக்குகள் எரிந்தன. தியேட்டர்க்காரர் ஒருவர் முன்னால் வந்து, "ஷோ அவ்ளோதான். கும்பலாப் போகாதீங்க, ரெண்டு ரெண்டு பேராப் போங்க" என்றார். யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

பஸ் இல்லை. ஆட்டோ இல்லை. கடைகளின் ஷட்டர் இறங்கியிருந்தது. தொம்மலூர்ப் பக்கமாக நடந்தோம். தூரத்தில் டயர் எரியும் வாடை. நான் அழுகையை அடக்கிக்கொண்டு கன்னடத்தில் ஏதேதோ காலேஜ் கதை பேசிக்கொண்டே வந்தேன். அண்ணன் "ஹௌது, ஹௌது" என்று ஆமாம் போட்டுக்கொண்டு வந்தான்.

ஒரு திருப்பத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். கையில் கட்டை. எந்த ஊர் என்று கன்னடத்தில் கேட்டார்கள். தொம்மலூர் என்றோம். எங்கே போய் வருகிறீர்கள் என்றார்கள். சிநேகிதி வீட்டுக்கு என்று நான் சொன்னேன். எங்கள் கன்னடத்தில் யாரும் ஊசி முனையளவு குறை கண்டுபிடிக்க முடியாது. அதில்தான் நாங்கள் வளர்ந்தோம். போகச் சொல்லிக் கையை அசைத்துவிட்டார்கள். இரண்டடி வைத்திருப்போம்.

"பையில் என்ன?" என்றான் ஒருவன்.

முப்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவன். கட்டைகூட வைத்திருக்கவில்லை. நோட்டை எடுத்துப் பிரித்தான். கன்னட எழுத்தைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. "காலேஜ் நோட்ஸா?" என்று சிரித்தபடி, பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் வாசிப்பது போல எழுத்துக் கூட்டி உரக்க வாசிக்கத் தொடங்கினான்.

"அம்மா அழுதது, ரெண்டு மார்க். வில்லன் சிரிச்சது சகிக்கல, ஒண்ணு கட்."

அவன் வாயிலிருந்து தமிழ் வந்தது. என் தமிழ், என் கேலி, எங்கள் வீட்டுக் கூடத்தின் பேச்சு. தன் வாயில் வருவது தமிழ் என்று புரிய அவனுக்கு ஒரு வரி பிடித்தது. நிறுத்தினான். மீண்டும் முதல் வரிக்குப் போனான். இப்போது மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. மற்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

"அது நந்து" என்றான் அண்ணன். நோட்டு தன்னுடையது என்று. "அவளுக்கு ஒன்றும் தெரியாது."

கண்ணாடிக்காரன் என்னைப் பார்த்தான். "ஹோகம்மா, மனெகே ஹோகு" என்றான், வீட்டுக்குப் போ என்று, ஒரு மாமா சொல்வதைப் போல. அண்ணன் என்னைப் பார்க்காமலே, "போ. திரும்பாதே" என்றான். அதையும் கன்னடத்தில்தான் சொன்னான்.

போனேன். திரும்பவில்லை. பின்னால் முதல் சத்தம் கேட்டபோதும் திரும்பவில்லை. ஓடக்கூட இல்லை, நடந்தேன். இதை எழுதுகிற கை இன்னும் கூசுகிறது.

வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தேன். நான் தனியாக வந்து நின்றதிலேயே பக்கத்து வீட்டம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பஸ் டிரைவரான தன் கணவரைக் காக்கிச் சட்டையோடு அனுப்பினாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் அண்ணனைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தார். இடது காதிலிருந்து ரத்தம். அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. நோட்டு திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் பல் தேய்த்தேன். கூடத்திலிருந்து யாரும் கத்தவில்லை.

இரண்டு மாதத்தில் அண்ணன் ஓசூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். தியேட்டருக்கு அதன்பின் அவன் போனதில்லை. நான் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டேன். இனி என் எழுத்து யார் கையில் சிக்கினாலும் அவர்களால் உரக்க வாசிக்க முடியக்கூடாது என்ற பயத்தில்தான் கற்றேன். பாசத்தில் கற்றதாகச் சொன்னால் அது பொய். அந்த நாளைப் பற்றி அவனிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. விட்டுவிட்டுப் போனவள் என்று மனதில் வைத்திருப்பான் என்றே இருந்தேன். பண்டிகைக்கு வருவான், வலது காதை என் பக்கம் வைத்து உட்காருவான், போவான்.

பத்து வருஷம் கழித்து, நான் என் தனி வீட்டில் இருந்தபோது, ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் வந்திருந்தான். ஊரில் மறுபடி அதே தண்ணீர்ப் பேச்சு. காலையிலிருந்தே தெரு வழக்கத்தைவிட அமைதி. டிவியைப் போட்டால் அதே படம், எங்கள் ஐம்பதாவது. இருவரும் பார்க்க உட்கார்ந்தோம். பாதி தாண்டியது. நாங்கள் பார்த்த கடைசிக் காட்சியும் தாண்டியது. அதற்கடுத்த காட்சி தொடங்கியதும் திரை முழுக்கப் புள்ளிகளாயிற்று. ரிமோட்டை அமுக்கிப் பார்த்தேன். எல்லாத் தமிழ்ச் சேனலிலும் புள்ளிகள். மற்றவை நன்றாக வந்தன.

அண்ணன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். வெளியே ஏதோ ஒரு கடையின் ஷட்டர் இறங்கியது.

"அன்னிக்கு நீ நடந்து போனப்ப உன் கழுத்தை எண்ணிட்டே இருந்தேன்" என்றான் திடீரென்று.

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"ஒரு தடவைகூடத் திரும்பல. அதுக்கு ஒண்ணும் கழிக்க முடியாது. பத்துக்குப் பத்து."

"பயத்துலதாண்ணா திரும்பல" என்றேன். பத்து வருஷமாக அவனிடம் சொல்லாதது அது.

"தெரியும். திரும்பியிருந்தா நீ வந்திருப்பே. அந்தப் பயம்தான் எனக்கு."

நான் உடைந்து அழுதேன். அவன் டிவியை அணைத்துவிட்டு, அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஓடாது என்பதால் அன்று அவன் ஓசூருக்குத் திரும்பவில்லை.

காலையில் பல் தேய்க்கும்போது, எல்லாக் காலையும் வருவதுபோல அந்தக் கண்ணாடிக்காரன் வந்தான். என் வரிகளை எழுத்துக் கூட்டி வாசித்தான். அப்போது கூடத்திலிருந்து அண்ணன் கத்தினான்: "என்ன சீன் வந்துச்சு?"

வாயைக் கொப்பளித்துத் துப்பினேன்.

"ஒண்ணும் வரலண்ணா."

குழாயை மூடினேன்.

"எனக்கும் வரல" என்றான்.