கேசரியில் உட்கார்ந்த ஈ

பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது எனக்கு ஈப் பைத்தியம் பிடித்திருந்தது. ஆளுக்கொரு பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைச் செய்து வரும்படி ஆசிரியை சொல்லியிருந்தார். வண்ணத்துப்பூச்சி, தேனீ, தட்டான் எல்லாவற்றையும் முந்திக் கைதூக்கியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஈ எனக்கு வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதேன். பிறகு அம்மாவின் கைப்பேசியில், ஈயைப் பூனை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். அத்தோடு வண்ணத்துப்பூச்சி மேலிருந்த ஆசை போய்விட்டது.

ஒரு பாட்டிலில் மணலும் மீன் குடலும் போட்டு வீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். முதலில் நொய்யரிசி போல முட்டைகள், அடுத்து வெள்ளைப் புழுக்கள். தின்று கொழுத்த புழுக்கள் ஈரத்தை விட்டு விலகி, காய்ந்த மணலுக்குள் புகுந்து பழுப்புக் கூடுகளாக மாறின. கூட்டை முட்டித் திறந்துகொண்டு ஈ வெளியே வரும் நாளுக்காக நான் காத்திருக்க, அம்மா நாற்றத்தைப் பிடித்து வந்து பாட்டிலைக் குப்பைத் தோம்பில் போட்டார். அம்மாவுக்கும் ஈக்கும் ஜென்மப் பகை. கொசு அடிக்கும் மின்மட்டையை எங்கள் வீட்டில் கொசுவை விட ஈதான் அதிகம் பார்த்திருக்கும்.

அந்த வாரத்தில்தான் சின்ன மாமா தவறிப்போனார். அம்மாவின் ஒரே தம்பி, லாரி ஓட்டுநர். குனோங் ராபாட்டில் எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசையில் அவர் வீடு. அன்று காலை சாமிக்குப் படைக்க அத்தை கேசரி கிண்டியிருக்கிறார். மாமா ஒரு துண்டு தின்றுவிட்டு இன்னொன்று கேட்டிருக்கிறார். அவருக்கு இனிப்புநீர் வியாதி. "ஒடம்புல இவ்ளோ வியாதிய வச்சிக்கிட்டு இந்த நாக்க கட்ட முடியலயா?" என்று சொல்லி அத்தை தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மாமா லாரிச் சாவியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு கிளம்பினார். மதியம் காம்பார் பக்கம் லாரியை ஓரங்கட்டி நிறுத்தியவர், அதிலிருந்து இறங்கவில்லை. நெஞ்சுவலி.

கோபத்தோடு போனார் என்பதுதான் அத்தையின் மனதில் நின்றது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அந்தக் கேசரிக் கதையை ஒரு சொல் மாறாமல் சொன்னார். அழவும் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. யாராவது வற்புறுத்தினால் பால் ஊற்றாத கோப்பி ஓ மட்டும் இரண்டு மடக்குக் குடிப்பார். இப்படியே போனால் இவரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும் என்று பெண்கள் அடுப்படியில் பேசிக்கொண்டார்கள்.

கருமாதி அன்று மாமாவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தார்கள். கேசரியை மட்டும் அத்தை தானே கிண்டினார். வாழையிலையில் எல்லாம் பரிமாறி, பின்சந்துக் குட்டைச் சுவரின் மேல் காக்கைக்கு வைத்தாயிற்று. காக்கை வந்து வாயை வைத்தால்தான் மாமா வந்து சாப்பிட்டதாக அர்த்தம். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குச் சாப்பாடு.

எங்கள் சந்தில் காக்கைக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. தோம்பைக் கவிழ்த்துப் போட்டுப் பொழுதன்றைக்கும் சண்டை போடும் கூட்டம் அது. அன்று ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் சொந்தத்தில் எந்தச் சாவு நடந்தாலும் முன்னால் நிற்கும் பெரியப்பா தொண்டை வறளக் கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தார். வெயில் ஏறியது. "மனசுல ஏதோ கொற இருக்கு போல" என்று பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அத்தையின் காதில் அது விழுந்ததை நான் பார்த்தேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

"மாட்டுக்கு வச்சிரலாம்லா, அதுவும் சாஸ்திரந்தான்" என்றார் பெரியப்பா. அத்தை தலையாட்டி மறுத்தார்.

அப்போதுதான் ஓர் ஈ வந்து கேசரி மேல் உட்கார்ந்தது. பெரியப்பா துண்டை வீசப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. "இருங்க பெரியப்பா. அது இப்பதான் ருசி பாக்குது" என்றேன்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "என்னா சொன்ன?"

"ஈ கால்லதான் ருசி பாக்கும், அத்தை. புடிக்கலன்னா பறந்துரும். இனிப்பா இருந்திச்சின்னா வாய் தானா கீழ எறங்கும். பாருங்க, எறக்கிருச்சி."

அத்தை சுவரருகே வந்து குனிந்தார். ஈ குழல் போன்ற வாயைக் கேசரியில் ஒற்றி ஒற்றி எடுத்தது. பிறகு நிமிர்ந்து முன்னங்கால்களை ஒன்றோடொன்று தேய்த்தது.

"அது ஏன் கைய தேய்க்குது?"

"ஒட்டுனத தொடைக்குது. அப்பதான் மறுபடியும் ருசி தெரியும்."

தேய்த்து முடித்த ஈ நாலெட்டு நடந்து மறுபடி வாயை இறக்கியது. அத்தையின் உதடு கோணியது. "இன்னொரு வாய் கேக்குறாரு" என்றவர், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "சாப்புடுங்க. வேணுங்கிறத சாப்புடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பெரியப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். காக்கையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. அன்று அத்தை இலை போட்டுச் சாப்பிட்டார். ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்.

அத்தை சுவரடியில் அழுதுகொண்டிருந்தபோதே எனக்கு ஒரு மனக்குறை. நான் பாடத்தை இன்னும் முடிக்கவில்லை. ஈயால் கெட்டியானதை விழுங்க முடியாது, எச்சிலைக் கக்கி அதில் கரைத்துத்தான் உறிஞ்சும் என்பதைச் சொல்லவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. ஆண் ஈக்குக் கண்கள் இரண்டும் நெருங்கியிருக்கும், பெண் ஈக்கு விலகியிருக்கும். கேசரியில் உட்கார்ந்திருந்தது பெண் ஈ. அத்தை ஆள் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறாரே, திருத்த வேண்டாமா? "அத்தை, அது ஆம்பள இல்ல..." என்று தொடங்குவதற்குள் அம்மாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்திவிட்டது.

ஈ தானாகப் பறந்து போகும்வரை அம்மா கையை எடுக்கவில்லை. அந்தக் கை இறுகிக்கொண்டே போனது; அம்மாவின் கண் ஈயை விட்டு அகலவில்லை. என் மேல் கோபம், வீட்டுக்குப் போனதும் அடி விழப்போகிறது என்று பயந்தபடி நின்றிருந்தேன். இறந்தவர் அம்மாவின் தம்பி என்பது எனக்குத் தெரியும். அம்மாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரியவில்லை.