லூர்து அம்மாளின் தட்டு

போன மாதம் செஞ்சியில் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். யாருக்கு வைத்த சோறு என்று தெரிந்திருந்தால் கையை நீட்டியிருக்க மாட்டேன்.

தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. என் சுபாவம்தான் வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியுமே... இறங்கவேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான்.

விஷயம் இதுதான். என் தங்கை செல்லம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, கட்டுப் பிரித்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் தினமும் பிடித்து நிறுத்தி நடக்கப் பழக்கவேண்டும், படுத்தே கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். சரி... பிடித்து நிறுத்துவது யார்?

செஞ்சிக்குப் பக்கம் வல்லத்தில் எங்கள் வீட்டில் நானும் அவளும்தான். ஒரு நாள் தைரியமாகத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். பால்காரி வந்து கதவைத் தட்டும்வரை தரையில் அப்படியே கிடந்தோம். செல்லம்மா ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே, “நல்லவேள, பால் வாங்கறத நிறுத்தல” என்றாள். சிரித்தோம். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

செஞ்சியில் கோட்டை மலையடியில் மடத்துச் சிஸ்டர்கள் ஓர் இல்லம் நடத்துகிறார்கள், எழுந்து நடக்கப் பழக்குகிறார்கள், நடக்கவே முடியாதவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்கிறார்கள் என்று பால்காரிதான் சொன்னாள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். நான் சரி என்று சொன்னால் செல்லம்மா அங்கே போய்விடுவாள். என் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையில் அவளுடைய மிச்சக் காலம் இருந்தது.

பழைய காலத்துக் கட்டடம். பின்னால் உடனே மலை ஏறுகிறது. யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைகள். ஒன்றின் மேல் ஒன்று. எதற்காக இன்னும் நிற்கின்றன என்று அவற்றுக்கே தெரியாது போல.

கேட்டைத் திறந்ததும் எனக்கு இருமல் வந்தது. இருமினேன். கொஞ்சம் பொறுத்து, மலையும் இருமிற்று.

பெரிய சிஸ்டர் சிரித்தார். “இங்க எல்லாத்துக்கும் ரெண்டாவது தடவை உண்டும்மா. பழகிடும்.”

இந்த மாதிரி இடத்தை எப்படி எடை போடுவது? நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். ஆனால் என் அம்மாவையும் மாமியாரையும் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். எதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மூக்கு முதலில். மூத்திர வாடை இருக்கிறதா? இல்லை. வாடையை மறைக்க ஊதுவத்தி கொளுத்தியிருக்கிறார்களா? அதுவும் இல்லை. அடுத்தது குதிகால். படுத்துக் கிடக்கிறவர்களைச் சரியாகப் புரட்டிப் போடாவிட்டால் குதிகால் காட்டிக்கொடுத்துவிடும். போர்வைக்கு வெளியே தெரிந்த குதிகால்கள் எல்லாம் சுத்தம். நகம் வெட்டியிருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார்கள். கூடத்தின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு மூங்கில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழக்கும் இடம். மூங்கில், கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருந்தது. அப்படியென்றால் நிஜமாகவே நடக்க வைக்கிறார்கள்!

வாசற்படி அருகில் ஒரு மணி தொங்கியது. கயிறு கட்டியிருந்தது. “ராத்திரியில நாங்க எதிர்ல மடத்துல இருப்போம். ஒரு அவசரம்னா மணி அடிச்சாப் போதும்” என்றார் சிஸ்டர். நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினேன்.

ஆக, எல்லாம் சரி. ஆனால்...

பெண்கள் படுத்திருந்த அந்தக் கூடத்தில் பேச்சே இல்லை. நம் பக்கத்தில் நாலு பெண்கள் இருக்கிற இடத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்தால் என்ன நடக்கும்? எந்த ஊரு, யார் வீட்டு ஆளு, எத்தனை பிள்ளை... விடுவார்களா? இங்கே ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருக்கும் மடியில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. யாரும் இன்னும் வாயில் வைக்கவில்லை. எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தார்கள்.

கடைசியில் ஜன்னலோரம் ஒரு கட்டில் காலியாக இருந்தது. வெளுத்த விரிப்பு, சுருக்கமே இல்லாமல். இதுதான் உங்கள் தங்கைக்கு என்றார் சிஸ்டர். அதற்குள் ரேஷன் மூட்டை வந்திருப்பதாக வாசலிலிருந்து குரல் வந்தது. “உக்காருங்கம்மா, இதோ வந்துடறேன். சாப்பிட்டுத்தான் போகணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டிலை ஒட்டி ஒரு முக்காலி. பக்கத்தில் சின்ன ஸ்டூலின் மேல் ஒரு தட்டு, இன்னொரு தட்டால் மூடியிருந்தது. அருகே ஒரு டம்ளர் தண்ணீர்.

நீங்களே சொல்லுங்கள். என்ன நினைப்பீர்கள்? எனக்கு வைத்த சாப்பாடு என்று நினைத்தேன். காலையில் வெறும் காபியோடு கிளம்பியவள். அரிசிக்கு எங்கும் க்யூ நிற்கிற காலம்... கோதுமையைத் தின்று தின்று நாக்கு செத்துக் கிடந்தது. மூடியைத் திறந்தால், சோறு.

ஆனால் அந்தச் சோறு ஒரு மாதிரி இருந்தது. ஒரு பிடி சாம்பாரில் பிசைந்தது. பக்கத்தில் ஒரு பிடி மோர் சோறு. ஒரு பிடி ரசம். ஒரு பிடி ஒன்றும் ஊற்றாத வெறும் சோறு. பிடிபிடியாகத் தட்டைச் சுற்றி இருந்தது. ஒவ்வொன்றிலும் விரல் பதிந்த தடம். பெரிய விரல், சின்ன விரல், வளைந்துபோன விரல்...

இங்கே இப்படித்தான் பரிமாறுவார்களோ என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மோர் சோற்றை எடுத்து வாயில் வைத்தேன்.

கூடத்தில் இருந்த அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின.

ஒருத்தி கையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். எதிர்க் கட்டிலில் கண் தெரியாத ஒரு கிழவி தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டினாள். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது.

“துன்ற சத்தம் கேக்குது” என்றாள் அவள். “லூர்து கட்டில் பக்கம் கேக்குது. யாரு?”

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் மெதுவாக, “அவதான் கன்னி. வந்துட்டா” என்றது.

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. வைக்கவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. நான் லூர்து இல்லை, வல்லத்துக்காரி என்று சொல்லவேண்டியதுதானே? இரண்டு வார்த்தைதானே?

கன்னியம்மா என்னைப் பார்த்து, இல்லை... என் சத்தத்தைப் பார்த்துப் பேசினாள்.

“எடி லூர்து, அன்னிக்கு ராத்திரி தண்ணி தண்ணின்னு கேட்டுகினே கெடந்தியே, எங்க எல்லார் காதுலயும் வுழுந்துச்சுடி. எவளால எயுந்துக்க முடியும்? நாங்களும் கத்திப் பாத்தோம். எதிர்ல கேக்கல. அந்த மலதான் திருப்பித் திருப்பி உன்ன மாதிரியே கேட்டுகினு இருந்துச்சு. நீ நிறுத்தின பொறவும் அது ஒரு வாட்டி கேட்டுச்சு. எங்க மேல கோவமா?”

வெயில் காலம். முதுகுப் பக்கம் ஜன்னல் வழியாகப் பாறையின் அனல் அடித்தது.

எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

“கோவம் இல்ல” என்றேன்.

“அப்ப தண்ணியக் குடி.”

டம்ளரை எடுத்துக் குடித்தேன். முழுசாகக் குடித்தேன். தொண்டையில் இறங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. கூடம் மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசிச் சொட்டு இறங்கியதும் கன்னியம்மா பெரிதாக மூச்சு விட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து யாரோ அழுதார்கள். பிறகு தட்டுகளில் கைபடுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ யாரிடமோ ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

சிஸ்டர் திரும்பி வந்தார். என் கையையும் தட்டையும் பார்த்தார். என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார்.

லூர்து அம்மாள் அந்தக் கட்டிலில் வெகுநாள் இருந்தவள். ஒரு ராத்திரி செத்துப்போனாள். அதிலிருந்து இவர்கள் ஒவ்வொருவரும் தான் வாயில் வைப்பதற்கு முன்னால் முதல் பிடியை, பெருக்குகிறவள் கட்டில் கட்டிலாகக் கொண்டுவருகிற தட்டில் அவளுக்கென்று வைத்துவிட்டு, அவள் சாப்பிட நேரம் விட்டுக் காத்திருக்கிறார்கள். காக்கைக்கு வைக்க வெளியே போக யாருக்கும் கால் இல்லை. ஜன்னலில் கம்பிவலை, காக்கை உள்ளே வராது. சாயங்காலம் பெருக்குகிறவளே அதை எடுத்து மாட்டுக்குப் போடுவாள். மாடு தின்றால் அவள் தின்ற மாதிரி ஆகுமா என்று மறுநாள் மறுபடி வைப்பார்கள். சிலுவை போடுகிற வேதக்காரப் பெண்களும் வைக்கிறார்கள், மற்றவர்களும் வைக்கிறார்கள். வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். சாப்பிடவே மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் நான் கேட்டேன். என் வாழ்நாளில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகக் கேட்ட கேள்வி அநேகமாக அதுதான்.

“ராத்திரியில கூப்ட்டா யாரு வருவாங்க?”

சிஸ்டர் மணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கயிறு வாசற்படியில் தொங்கியது. கட்டில்கள் எல்லாம் உள்ளே இருந்தன. எழுந்து வரமுடிந்தவர்கள் அடிப்பதற்காகக் கட்டிய மணி. எழுந்து வரமுடிந்தவர்கள் இங்கே எதற்கு வரப்போகிறார்கள்?

“எனக்குத் தெரியும்மா” என்றார் சிஸ்டர் மெதுவாக. “ராத்திரிக்கு இருந்த பொம்பளை வேலைய விட்டு நின்னுட்டாங்க. அந்தச் சமயத்துலதான் இது நடந்துச்சு. மடத்துச் சட்டம், ராத்திரி நாங்க இங்க தங்க முடியாது. புதுசா யாரை வச்சாலும் அந்தத் தட்டைப் பார்த்துட்டு மறுநாளே ஓடிடறாங்க.”

எப்படி இருக்கிறது பாருங்கள். ராத்திரிக்கு ஆள் இல்லாததால் அவள் தாகத்தோடு போனாள். தாகத்தோடு போனதால் சோறு வைக்கிறார்கள். சோறு வைப்பதால் ஆள் வருவதில்லை. பேயைக் காட்டிலும் இந்தச் சுற்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து செல்லம்மாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

“செத்தவ சோத்தத் துன்னுட்டு வந்துகிறியா? நல்லா இருந்துச்சா?”

“உப்பு கம்மி.”

சிரித்தாள். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டே, “அந்தக் கட்டில்ல என்னப் போட்டுட்டு நீ வூட்டுக்கு வந்துருவியாக்கா?” என்றாள்.

வீட்டில் வைத்துக்கொண்டால் அவளுக்கு நடை வராது. இருவரும் தரையில் கிடந்து பால்காரிக்குக் காத்திருக்கவேண்டியதுதான். அங்கே விட்டால், பகலெல்லாம் குறையில்லை. ராத்திரி? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு வீட்டைப் பூட்டினேன்.

ராத்திரிக்கு, அந்தத் தட்டைப் பார்த்து ஓடாத ஆள் வேண்டும், அவ்வளவுதானே? அந்தச் சோற்றைத் தின்றவளே நான்தான். இன்னும் எதற்குப் பயப்படவேண்டும்?

என்னால் யாரையும் தூக்க முடியாது. தண்ணீர் மொண்டு கொடுக்க முடியும். மணிக்கயிறை இழுக்க முடியும். அதற்குமேல் வேண்டுமென்றால் சிஸ்டர்கள் எதிர் மடத்திலிருந்து ஓடி வந்துவிடுகிறார்கள்.

இப்போது செல்லம்மா அந்த ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள். மூங்கிலைப் பிடித்து நிற்கிறாள். நேற்று மூங்கிலின் பாதி தூரம் போய், அங்கே நின்று என்னைத் திட்டினாள். நான் அவள் கட்டிலை ஒட்டித் தரையில் பாய் விரித்துப் படுக்கிறேன். இந்த வாரத்துப் பத்தியை அந்தப் பாயில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தட்டு வைப்பது நின்றுவிட்டது. கூடத்தில் பேச்சு திரும்பிவிட்டது, இப்போது நிறுத்தத்தான் முடியவில்லை.

உங்கள் வீட்டு மனிதர்களுக்கு இப்படி ஓர் இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தரையைப் பாருங்கள், குதிகாலைப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள். ஆனால் கூச்சப்படாமல் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்டதைப் போல, சோற்றைத் தின்ற பிறகு அல்ல.

கன்னியம்மா இன்னும் என்னை லூர்து என்றுதான் கூப்பிடுகிறாள். நானும் “இன்னா?” என்று கேட்டுக்கொண்டு போகிறேன்.

எப்போதாவது இருட்டில் ஒரு குரல் தண்ணீர் கேட்கும். எழுந்து கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்ப்பேன். எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். யாரோ தூக்கத்தில் உளறியிருப்பார்கள், அதை மலை திருப்பிச் சொல்லியிருக்கும் என்கிறார் பெரிய சிஸ்டர். இருக்கலாம்.

எதற்கும் ஒரு டம்ளர் ஊற்றி ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். விடிந்ததும் அதில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை.