வடிகட்டி நிறுத்திய அஞ்சல்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது எனக்கு நடந்தது. கடிகாரத்தில் பார்த்த நேரங்களை அப்படியே எழுதுகிறேன்.

பின்லாந்து, தம்பெரே நகரம். ஜுஹானுஸ் கோடை விழாவின் வெள்ளிக்கிழமை. வெளியே பளீரென்று வெயில். ஊரே ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விட்டது. பாறையைக் குடைந்து கட்டிய சர்வர் நிலையத்தில் நான் மட்டும் பணியில் இருந்தேன். நான்கு மருத்துவமனைகளின் மின்னஞ்சல் எங்கள் வழியாகத்தான் போகும்.

பிற்பகல் 2.10. திடீரென்று குப்பை அஞ்சல் வெள்ளம். நிமிடத்துக்கு நாற்பதாயிரம். மருத்துவமனை அஞ்சல்கள் அப்படியே நின்றுவிட்டன. முன்னறையிலிருந்து மேலாளர் ராய்மோவைக் கூப்பிட்டேன்.

"ராய்மோ, சர்வர் திணறுது. இங்கிருந்து என்ன தட்டினாலும் கேக்க மாட்டேங்குது."

"இப்பதான் சவுனா நீராவிக் குளியலுக்கு உட்கார்ந்தேன், அதுக்குள்ளயா! சர்வர் கூடத்துக்குள்ள போய் நேரடியா குப்பை அஞ்சல் வடிகட்டியை இறுக்கு. ஒரே அஞ்சல் திரும்பத் திரும்ப வந்தா பிடிச்சு வைக்கச் சொல்லு. போ, சைலா."

போனேன். பின்னால் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தொலைபேசி இல்லை. கைப்பேசிக்கு சிக்னலும் கிடையாது.

2.41. வெள்ளம் நின்றது. கதவில் என் அனுமதி அட்டையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினேன். சிவப்பு. அவசரப் பொத்தானை அழுத்தினேன்... ஒன்றுமில்லை.

அங்கிருந்த கணினியிலிருந்தே ராய்மோவுக்கு எழுதினேன். 'மாட்டிக்கொண்டேன். உடனே வாருங்கள்.' எட்டு முறை அனுப்பினேன். பதில் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. நான் இறுக்கிய வடிகட்டியே என் அஞ்சல்களையும் பிடித்து வைத்திருந்தது.

ஆனால் அங்கே கிடந்தவை எட்டு அல்ல. பத்தொன்பது.

மற்றவற்றில் ஒரே வரி. 'கதவைத் திற.' அனுப்பிய கணினி... என் முன்னால் இருந்ததுதான்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

இருபது. இருபத்தொன்று...

வடிகட்டியைத் தளர்த்தப் பார்த்தேன். ஒரு விசையும் வேலை செய்யவில்லை.

3.26. அந்தக் கூடத்தில் ஆள் நடந்தால்தான் விளக்கு எரியும். கடைசி வரிசையில் ஒரு விளக்கு எரிந்தது.

அடுத்தது.

பத்து நிமிடம் கழித்து, அதற்கும் அடுத்தது...

மூச்சுச் சத்தம். காற்றுக்குத் தவித்து இழுக்கும் மூச்சு.

கதவோடு ஒட்டிக்கொண்டேன். நகர இடமில்லை.

தலைக்கு மேல் விளக்கு.

கழுத்தில் குளிர்...

டக்!

கதவு திறந்தது. ராய்மோ! ஈரத் தலை. வெறுங்கால். மணி 3.58.

"வெளிய வா! ஓடு!"

காரில் ஏறிய பிறகுதான் கேட்டேன். "என் அஞ்சல் எதுவும் உங்களுக்கு வந்திருக்காதே?"

கைப்பேசியை நீட்டினார். 3.27-க்கு வந்த ஒரே அஞ்சல். 'அவள் உள்ளே இருக்கிறாள். கதவைத் திற.' அனுப்பியவர், உன்டோ ஹர்யு.

"யாரு இது?"

ராய்மோ கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"உனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவன். அஞ்சு வருஷம் ஆச்சு. அதுவும் ஜுஹானுஸ் வெள்ளிக்கிழமைதான். தீயணைக்கிற வாயு தானா திறந்து, உள்ள இருந்த மூச்சுக்காத்தை விரட்டிடுச்சு. கதவு மாட்டிக்கிச்சு. எனக்கு அறுபத்தோரு அஞ்சல் அனுப்பியிருக்கான், எல்லாம் ஒரே வரி. என் வடிகட்டி குப்பைன்னு ஒதுக்கிடுச்சு."

"நீங்க எப்போ பார்த்தீங்க?"

"திங்கட்கிழமை. அடக்கம் முடிஞ்சதும் அவன் கணக்கை என் கையாலதான் அழிச்சேன்."