பஸ்ஸை நிறுத்தச் சொன்னவள்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சுழி கூடக்குறைய இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இன்னும் மோசம். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. சொல்ல வேண்டியவளிடம் நேரில் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மை ஊற்றுவது என் வேலை. களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, ஓரம் கெட்டியானதும் நடுவில் இருக்கிற மிச்சத்தைக் கவிழ்த்து வடித்துவிட வேண்டும். தாமதித்தால் பொம்மை தடித்துப்போகும், சூளையில் வெடிக்கும். ஊற்றிவிட்டால் பக்கத்திலேயே இருக்க வேண்டிய வேலை. எனக்கு வந்ததோ, இருக்கிற இடத்தை விட்டு எழுப்பி ஓட வைக்கிற நோய்.

மகள் எட்டாவது படிக்கும்போது ஆரம்பித்தது. வயிற்றை முறுக்கிப் பிடிக்கும். ஓடினால் ரத்தமும் சளியுமாகப் போகும். மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டு யாரிடமும் சொல்லவில்லை. துத்திக் கீரை தின்றேன், கருணைக்கிழங்கு தின்றேன். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகு என் மனைவி பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், பெருங்குடல் நெடுகப் புண்ணாகி வீங்கியிருக்கிறது, மூலமும் இல்லை, புற்றுநோயும் இல்லை என்றார். முழுதாகப் போகாது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் அடங்கி இருக்கும், சில சமயம் மறுபடி கிளம்பும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் என் மனைவி, "பசிக்குது, வாங்க" என்றாள். ஆஸ்பத்திரி வாசல் கடையில் அவள் அன்று சாப்பிட்ட மாதிரி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எத்தனை நாள் சாப்பிடாமல் பயந்துகொண்டிருந்தாளோ, எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வீடு என் வயிற்றுக்கு ஏற்ற மாதிரி மாறிக்கொண்டது. குழம்பில் மிளகாய் குறைந்தது. மகளுக்குக் காரம் பிடிக்கும் என்று அவளுக்கு மட்டும் தனியாகத் தாளித்து வைத்த அன்று, "அப்பாவுக்கு ஊத்துறதையே ஊத்தும்மா. தனியா வச்சி குடுக்குறதுக்கு நான் என்னா மாப்ளயா?" என்றாள். கக்கூஸ் ஒன்றுதான், வீட்டுக்குப் பின்னால். அவள் ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரம்தான் எனக்கும் மோசமான நேரம். நான் அவசரமாக எழுந்திருக்கிற சத்தம் கேட்டால், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு நாளும் முகத்தைச் சுளித்ததில்லை.

கம்பெனியில் அடுத்த மேசையில் வேலை செய்யும் அக்காவையும் சொல்ல வேண்டும். நான் ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்தால் என் அச்சுகளெல்லாம் வடிக்கப்பட்டு வரிசையாக இருக்கும். முதலாளி என்னைத் தேடினால், "டீ குடிக்கப் போயிருக்குது" என்பார்.

"இந்த ஆளு டீ குடிக்கிறானா, டீக்கடையே வச்சிருக்கானா?" என்பார் முதலாளி. அக்கா அடுத்த அச்சைக் கவிழ்ப்பார்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன்.

மாத்திரை வாங்கவும் டாக்டரைப் பார்க்கவும் அடிக்கடி பாண்டிச்சேரி போக வேண்டியிருந்தது. ஒரு தடவை நெய்வேலி தாண்டியதும் வயிறு பிடித்துக்கொண்டது. வேர்த்துக் கொட்டுகிறது. கண்டக்டரைக் கூப்பிடத் தெரியாதா என்ன? பஸ் நிறைய ஆட்கள். காலேஜ் பிள்ளைகள் வேறு. நாக்கு எழவில்லை. மனைவியின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"அண்ணே, செத்த நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

"என்னாம்மா, இங்க ஸ்டாப்பிங் கெடையாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எனக்கு வயிறு சரியில்ல. அவசரம்" என்றாள்.

"டவுன்ல நின்னப்ப போயிருக்கலாம்ல?"

"அப்ப வரல, இப்ப வருது. ஒங்க வூட்டுப் பொம்பளைங்க கேட்டாலும் இப்பிடித்தான் கணக்குக் கேப்பீங்களா?"

பஸ் நின்றது. அவள் முன்னால் இறங்க, துணைக்குப் போகிறவன் மாதிரி நான் பின்னால் இறங்கினேன். கருவேல மறைவுக்குள் நான் போனேன். அவள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு ரோட்டைப் பார்த்து நின்றாள். திரும்பி ஏறும்போது பின் சீட்டில் யாரோ என்னவோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அவள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஒங்களுக்குன்னு சொன்னா நீங்க வெக்கத்துலயே செத்துருவீங்க. எனக்கென்னா, அந்தக் கண்டக்டர மறுபடியும் பாக்கவா போறேன்?" என்றாள். ஆனால் பார்த்தோம், பல தடவை. பிறகு பிறகு அவரே டிரைவரிடம், "அந்தம்மா ஏறியிருக்குது, வழியில ஒரு எடம் பாத்து வச்சிக்க" என்று சொல்லும் அளவுக்கு ஆனது.

பஸ்ஸோடு நிற்கவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் அவள்தான் முதலில், "பாத்ரூம் எங்கங்க இருக்குது?" என்று கேட்பாள். இடத்தைப் பார்த்து வந்து எனக்குக் கண்ணைக் காட்டுவாள். சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்குத்தான் ஏதோ தீராத வயிற்று நோய் என்று பேச்சு ஆகிவிட்டது. அவள் அதை மறுக்கவில்லை. நானும் திருத்தவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

மகளுக்கு வரன் வந்தது. திட்டக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். பையன் பெண்ணாடத்தில் டிராக்டர் மெக்கானிக். அவர்கள் வந்து பெண் பார்த்தார்கள். பையனுக்குப் பிடித்துவிட்டது. மகளிடம் கேட்டோம். உள்ளே போய், அம்மாவின் பட்டுச் சேலையை எடுத்துத் தனக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தாளாம். அடுத்து நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். பேச்சு முடிந்து சம்மதம் என்றால்தான் அங்கே கை நனைப்பது, அதாவது சாப்பிடுவது. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிட்டால் சம்பந்தம் உறுதி.

நானும் அவளும் போனோம். பெண்ணாடம் தாண்டி எனக்கு வயிறு கலங்கியது. அவள் வழக்கம்போல எழுந்து பஸ்ஸை நிறுத்தினாள். அந்த பஸ்ஸிலேயே அந்த ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் இருந்தது எங்களுக்குத் தெரியாது. ஊரில் இறங்கியதும் எங்களை முந்திக்கொண்டு வேகமாக நடந்து போனார். நாங்கள் வழி விசாரித்துப் போய்ச் சேர்வதற்குள் சேதி போய்விட்டது.

மாப்பிள்ளையின் அப்பா அம்மா இரண்டு பேரும் மரியாதையாகத்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். வீட்டைப் பார்த்தோம், மாட்டைப் பார்த்தோம். எல்லாம் நல்லபடியாகப் பேசி, இலையும் போட்டுவிட்டார்கள். கறிக்குழம்பு சிவப்பாக வந்து என் இலைக்கு முன்னால் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கரண்டியைக் கையில் எடுத்தவர் ஊற்றாமல் வைத்துவிட்டார்.

"அண்ணி, ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பஸ்ஸுல ஒங்களுக்கு முடியாம போச்சாமே."

"ஆமாங்க, வழியில கொஞ்சம்."

"இன்னிக்கி மட்டுந்தானா? விருத்தாசலத்துல எங்க சொந்தக்காரங்களும் சொன்னாங்க. ஒங்களுக்கு ரொம்ப நாளா கொடல்ல கோளாறாம். தாய்க்கு இருந்தா பொண்ணுக்கும் வருமாம். எங்களுக்கு ஒரே பையன், அண்ணி. நாளைக்கி புள்ள பெறணும், குடும்பம் நடத்தணும்."

என் மனைவி வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இருக்குதுங்க. மாத்திர சாப்புடுறேன். அடங்கித்தான் இருக்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த வார்த்தை இங்கே விழுந்தால், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தால்கூட இந்த வீட்டில் இவள் நோய்க்காரியாகத்தான் வந்து நிற்க வேண்டும். அதற்குள் சம்பந்தமே உடைந்தாலும் பழி இவள் தலையில்தான்.

"அவளுக்கு இல்லிங்க. எனக்கு" என்றேன்.

"என்னா சொல்றாரு?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா. என் குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது. மறுபடியும் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"வியாதி எனக்குங்க. அவளுக்கு ஒண்ணும் கெடையாது."

"ஏங்க, சும்மா இருங்க" என்றாள் மனைவி.

நான் நிறுத்தவில்லை. ரத்தம் போனது, கேமரா விட்டுப் பார்த்தது, மாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். "பொண்ணுக்கு வருமான்னு டாக்டர நானும் கேட்டேன். ஒட்டுற வியாதி இல்லன்னாரு. புள்ளைங்களுக்குப் பெரும்பாலும் வராது, ஆனா வரவே வராதுன்னு சொல்ல முடியாதுன்னாரு. அதையும் சொல்லிடுறேன்."

அந்த அம்மா என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப பஸ்ஸ நிறுத்தினது?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

"நிறுத்தினது நான், ஒதுங்கினது அவரு" என்றாள் மனைவி.

"எத்தினி வருசமா?" என்றார் அந்த அம்மா.

"அது ஆயிப்போச்சு, பத்து வருசம்."

"பஸ்ஸுல போறவன் வர்றவன்லாம் ஒங்களப் பாத்து சிரிச்சிருப்பானுங்களே."

"சிரிச்சாங்க. சிரிச்சிட்டுப் போவட்டும், எனக்கா வயிறு வலிச்சிது?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். நாங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். எழுந்திருப்பதா, உட்கார்ந்தே இருப்பதா, தெரியவில்லை. என் மகள் வீட்டில் அந்தச் சேலையை மடித்து வைத்திருப்பாளா, இன்னும் கையில் வைத்திருப்பாளா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் திரும்பி வந்தார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார்.

"அதுக்கு என்னா சொல்றான்?" என்றார் அந்த அம்மா.

"'மாமா எலையில கறிக்கொழம்ப ஊத்திட்டீங்களா'ன்னு பதறுறான்."

அந்த அம்மா குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் தயிர் இருந்தது. "அண்ணே, தயிரு ஆவுமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்கண்ணே. இப்பத்தான நல்லா பேசினீங்க."

"ஆவுங்க" என்றேன். தயிர் சோறு சாப்பிட்டோம். என் மனைவி மட்டும் கறிக்குழம்பு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள். வீட்டில் எனக்காக அவளும் விட்ட காரம் அது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "ஒரு வேள அவங்க வேணாம்னு எந்திரிச்சிருந்தா பொண்ணு மொகத்துல எப்பிடி முழிச்சிருப்பீங்க?" என்று கேட்டாள். அவள் உள்ளே போய் எனக்குக் கஞ்சி வைத்தாள். உப்பு சரியாக இருந்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இது ஆடி மாதம். தலை ஆடிக்கு மகளும் மருமகனும் வந்திருக்கிறார்கள். இன்று பதினெட்டாம் பெருக்கு. மகளுக்குப் புது மஞ்சள் கயிறு மாற்ற எல்லோரும் மணிமுத்தாற்றுக்குப் போயிருக்கிறார்கள். இந்த வாரம் எனக்கு மறுபடி கிளம்பியிருப்பதால் நான் போகவில்லை. வயிற்றில் வலி இருக்கிறது. ஆனாலும் மனதில் குறை என்று எதுவும் இல்லை.

சம்பந்தி ஊரில் இப்போது என் மனைவியிடம் யாரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. தெருவில் போகிறவர்கள்கூட என்னை நிறுத்தி, "வயிறு தேவலையா?" என்று கேட்கிறார்கள். கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், "தேவலைங்க" என்று என் வாயால் சொல்லிவிடுகிறேன். அவள் பக்கத்தில் சும்மா நிற்கிறாள்.

ஆடி 18, ஞாயிற்றுக்கிழமை.