மூச்சு வாங்காத குரல்

சீனச் சண்டைக்கு அடுத்த வருஷம் பட்டாளத்தில் என்னைப் பனிமலை முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரே மூச்சில் சடுகுடு பாடுவதில் அறந்தாங்கியில் என்னை வென்றவர் கிடையாது. அந்தத் திமிரில், போன மறுநாளே பனியில் கோடு கிழித்தேன்.

"ஏறி ஒரு நாளுதான் ஆச்சு. இங்க மூச்சு நம்ம பேச்சக் கேக்காது தம்பி," என்றார் எங்கள் ஊர்க்காரரான காதர் அண்ணன்.

சிரித்துவிட்டுப் பாடிக்கொண்டே ஓடினேன். நெஞ்சு அடைத்தது, முழங்கால் மடிந்தது. ஆனாலும் "சடுகுடு சடுகுடு" என்று என் குரல் கணீரென்று போய்க்கொண்டேயிருந்தது.

கண் விழித்ததும், "எவ்வளவு நேரம் பாடுனேன்?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"நாலே தடவ. அப்புறம் ஒன் ஒதடு நீலம் பாஞ்சு சும்மா அசைஞ்சுச்சு."

அன்றோடு ஆட்டத்தை விட்டேன். இப்போதும் ஊர்த் திடலில் யாராவது பாடினால், கூடவே அந்தக் குரலும் கேட்கிறது. அது இன்னும் மூச்சு வாங்கவில்லை.