தொண்டை வலிக்குதும்மா

"தொண்ட வலிக்குதும்மா. எச்சி முழுங்க முடியல" என்று என் மகள் மீனா சொன்னபோது, நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கொட்டாம்பட்டியில் தாய்மார் கூட்டம். ஜீப் வந்து நின்றுவிட்டது. "உப்புத்தண்ணில கொப்புளிச்சிட்டுப் படு தாயி, சாயங்காலம் வந்துர்றேன்" என்றேன். அவளுக்குப் பதினோரு வயது. எழுபதுகளின் கடைசி அது.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் அன்று கூட்டத்தில் பேசினேன். நன்றாகப் பேசினேன். ஒருத்தி அழுதாள்.

மதுரை வட்டாரத்துப் பால்வாடிகளில் அப்போது என்னைத் தெரியாதவர்கள் குறைவு. வானொலியில் குழந்தை வளர்ப்புப் பற்றிப் பேசுவேன். பத்திரிகையில் படம் வரும். விழாக்களில் கலெக்டருக்கு அடுத்த நாற்காலி எனக்கு. டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளுக்குச் சத்துக்கஞ்சி கிடைக்க அலைந்தேன் என்பதால் 'பிள்ளைகளின் தாய்' என்று மேடையில் அழைப்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

தொண்டை வலி நாலு நாளில் தானாகவே போய்விட்டது. மூன்றாவது வாரம் மீனாவின் வலது முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் இடது கணுக்கால். பிறகு முழங்கை. கூடவே காய்ச்சல். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று தைலம் தேய்த்துவிட்டு வேலைக்குப் போனேன். அவள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதைப் பார்த்தவர் என் கணவர். பஞ்சாலையில் வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். "கூட்டமெல்லாம் கெடக்கட்டும். கெளம்பு" என்றார்.

கோரிப்பாளையம் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் சீட்டு பதியப் போயிருந்தார். மீனா காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தாள். இளவயது டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ரேடியோல பேசுறவங்கதானம்மா நீங்க? எங்க வீட்டுல உங்க பேச்சக் கேட்டுத்தான் பிள்ளைய வளக்குறோம்."

நான் சிரித்தேன். அடுத்து அவர் கேட்டார்: "ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னால பிள்ளைக்குத் தொண்டை வலி ஏதும் வந்துச்சா?"

"இல்லையே" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. ஆனால் சொன்ன நொடியில் அது பொய் என்று எனக்குத் தெரியும். திருத்திக்கொள்ள அன்று சாயங்காலம் வரை நேரம் இருந்தது. மறுநாள் முழுக்க இருந்தது. டைபாய்டாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்தார்கள். பிறகு வேறு எதற்கோ மறுபடி எடுத்தார்கள். ஊசி ஏறும்போது மீனா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் அவளிடமே கேட்டார்.

"வந்துச்சு டாக்டர். எச்சி முழுங்க முடியல. அம்மா கொட்டாம்பட்டி போயிருந்தாங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். டாக்டர் எழுதி முடித்துவிட்டு, "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டையில் தொற்றும் ஒருவகைக் கிருமியைத் தொடர்ந்து மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் நோய்). மூட்டு வலி மருந்தில் அடங்கிவிட்டது. இதயத்தில் ஒரு வால்வு (ரத்தம் பின்னுக்கு வராமல் மூடிக்கொள்ளும் கதவு போன்றது) சரியாக மூடவில்லை. மூன்று மாதம் படுக்கை. அதன்பின் இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, பல வருடங்களுக்கு.

"தொண்டை வலிச்சப்பவே கூட்டிட்டு வந்திருந்தா, டாக்டர்?"

"ஒருவேளை வராமலே இருந்திருக்கும்மா. இங்க வந்தப்புறம் ஆன ரெண்டு நாள் தாமதத்துல பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. அத நெனச்சு வருத்தப்படாதீங்க."

அந்த இரண்டு நாளைத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மீனா படுக்கையில் இருந்தபோது எனக்குப் பொன்னாடை போர்த்த ஒரு விழா ஏற்பாடானது. எல்லாவற்றையும் மேடையில் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மனது லேசானது போல் இருந்தது. மீனாவிடம் சொன்னேன்: "ஒனக்கு நடந்தத அங்க சொல்லப்போறேன் தாயி. கேட்டு நாலு பிள்ளைகளாவது தப்பிக்கும்."

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "வேணாம்மா. சொன்னா எல்லாரும் ஒங்களத்தான் தேத்துவாங்க. வலிச்சது எனக்கு."

நான் விழாவுக்குப் போகவில்லை. வானொலிப் பேச்சையும் விட்டேன். பால்வாடிகளுக்குப் போவதை மட்டும் விடவில்லை. டார்ச்சும் கரண்டியும் எடுத்துப் போய்ப் பிள்ளைகளின் தொண்டையைப் பார்ப்பேன். சிவந்திருந்தால் நானே பஸ் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போவேன். என் மகளைப் பற்றி எங்கேயும் பேசியதில்லை.

இப்போது அவளுக்கு இருபத்தொன்று. நடக்கலாம், படிக்கலாம், ஓட முடியாது. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க. 'இல்லையே'ன்னு சொன்னீங்கள்ல, அதையும் எழுதுங்க" என்றாள்.

இதே காய்ச்சல் வந்த பிள்ளையின் தாய் யாராவது இதைப் படித்தால், உங்கள் பிள்ளைக்கும் இந்த ஊசி எழுதிக்கொடுத்திருப்பார்கள். இடுப்பில் போடுவார்கள். இரண்டு நாள் நடக்கவிடாமல் வலிக்கும். பிள்ளை அழுகிறதே என்று ஒருமுறைகூடத் தவறவிடாதீர்கள். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

எனக்கு இப்போது மாதம் என்பது முப்பது நாள் இல்லை. நாட்காட்டியில் இருபத்தொன்று எண்ணி வட்டம் போடுகிறேன். தீபாவளியும் பொங்கலும் அந்த வட்டங்களுக்கு நடுவில் எங்கோ வந்து போகின்றன. முன்பெல்லாம் ஊசி போட நானும் கூடவே போவேன். இப்போது "நீங்க வேணாம்மா, நானே போய்ட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுகிறாள்.

அவள் திரும்பி வருவதற்குள் என் இடது இடுப்பு கனத்து வலிக்கத் தொடங்கிவிடும். உட்கார முடியாது. வந்ததும் எந்தப் பக்கம் போட்டார்கள் என்று கேட்பேன்.

பெரும்பாலும் வலது பக்கமாக இருக்கும்.